பௌத்த தியானம் இன்றைய வாழ்க்கையில் எதற்கு?

என்னிடம் வந்த கேள்வி இது: "வேலை, கடன் தவணை, பிள்ளைகள், ஓயாமல் ஒலிக்கும் போன் என்று நாள் ஓடுகிறது. இதில் பௌத்த தியானம் எதற்கு? மன அழுத்தம் குறைவதற்கா, நிர்வாணம் அடைவதற்கா? இரண்டாவது என்றால் எனக்கு எட்டாது. முதலாவது என்றால் நடைப்பயிற்சி போதாதா? அப்புறம், பௌத்தராக இல்லாத நான் இதைச் செய்யலாமா?"

நடைப்பயிற்சி பற்றிக் கேட்டது மிகவும் நியாயம். மன அழுத்தம் மட்டும் குறைந்தால் போதும் என்றால் நடை, நல்ல தூக்கம், நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுவது எல்லாமே உதவும். அவற்றை விட்டுவிட்டுத் தியானத்துக்கு வர வேண்டியதில்லை. பௌத்த தியானம் எடுத்துக்கொண்ட காரியம் வேறு. ஆசையும் எரிச்சலும் நமக்குள் எப்படிக் கிளம்புகின்றன என்பதை, அவை கிளம்பும் கணத்திலேயே பார்க்கக் கற்றுக்கொடுப்பது அது. பார்க்கத் தெரிந்துவிட்டால் அவற்றின் பின்னால் ஓடாமல் இருக்க முடிகிறது. எந்த அளவுக்கு ஓடாமல் இருக்கிறோமோ அந்த அளவுக்குத் துன்பம் குறைகிறது. நிர்வாணம் என்பது இதே வேலை முழுமையாக முடிந்த நிலை. ஆகவே நீங்கள் கேட்ட இரண்டும் இரண்டு தனித்தனி நோக்கங்கள் இல்லை. ஒரே பாதையில் பக்கத்தில் இருப்பது ஒன்று, தூரத்தில் இருப்பது இன்னொன்று.

இந்தப் பயிற்சி எதற்கு என்று புத்தரே சொல்லியிருக்கிறார். கவனப்பயிற்சி பற்றிய அவருடைய உரையான மகா சதிபட்டான சூத்திரம் அந்த வாக்கியத்தோடுதான் தொடங்குகிறது: உயிர்கள் தூய்மை அடைய, துயரையும் புலம்பலையும் கடக்க, வலியும் மனவேதனையும் நீங்க, சரியான நெறியைப் பற்ற, நிப்பானத்தை (நிர்வாணத்தின் பாலிச் சொல்) நேரில் உணர. துயரும் புலம்பலும் முன்னால் வருகின்றன, நிப்பானம் கடைசியில். இந்த உரை குரு நாட்டு மக்களின் ஊர் ஒன்றில் நிகழ்த்தப்பட்டது. அந்த நாட்டில் வேலைக்காரர்கள்கூட, தண்ணீர் எடுக்கும் இடத்திலும் நூல் நூற்கும் இடத்திலும்கூட, இந்தப் பயிற்சியைப் பற்றியே பேசிக்கொள்வார்கள் என்று பழைய பாலி விளக்கவுரை சொல்கிறது. அது அப்படியே நடந்ததா என்பது முக்கியமில்லை. வேலையும் குடும்பமும் உள்ளவர்களுக்கும் இது உரியது என்று மரபே நினைத்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

துன்பம் என்றால் பெரிய சோகம் மட்டும் அல்ல. புத்தரின் முதல் உரை பிறப்பு, மூப்பு, சாவோடு மூன்று சாதாரண விஷயங்களையும் சேர்க்கிறது: பிடிக்காததோடு சேர்ந்திருப்பது, பிடித்ததைப் பிரிவது, வேண்டியது கிடைக்காமல் போவது. அலுவலகத்தில் ஒரு நாளை எடுத்துப் பாருங்கள். இந்த மூன்றும் மதியத்துக்குள் வந்து போய்விடும். வேண்டியது கிடைத்த பிறகும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. எதிர்பார்த்த பதவி உயர்வு கையில் வந்த சில வாரங்களிலேயே மனம் அடுத்ததைத் தேடத் தொடங்கிவிடுகிறது.

ஏன் இப்படி என்பதற்குப் பௌத்தம் தரும் விளக்கம் பன்னிரண்டு சார்புகள், அதாவது ஒன்றைச் சார்ந்து அடுத்தது எழும் ஒரு சங்கிலி. தமிழில் மணிமேகலை அதை அழகாகச் சொல்லியிருக்கிறது: "ஊறு சார்ந்து நுகர்ச்சி யாகும், நுகர்ச்சி சார்ந்து வேட்கை யாகும், வேட்கை சார்ந்து பற்றா கும்மே." கண்ணில் ஒரு காட்சியோ காதில் ஒரு சொல்லோ வந்து படுவது ஊறு. பட்ட உடனே அது இனிப்பாகவோ கசப்பாகவோ இரண்டும் இல்லாமலோ உணரப்படுவது நுகர்ச்சி. இனிப்பானது இன்னும் வேண்டும், கசப்பானது ஒழிய வேண்டும் என்ற உந்துதல் வேட்கை. அதைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது பற்று. ஊறைத் தடுக்க முடியாது. உலகில் இருக்கும்வரை பட்டுக்கொண்டே இருக்கும். நுகர்ச்சியையும் தடுக்க முடியாது. உடம்பும் மனமும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. நுகர்ச்சி வேட்கையாக மாறும் இடத்தில்தான் நமக்குக் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. பௌத்த தியானத்தின் மொத்த உழைப்பும் அந்தச் சின்ன இடைவெளிக்காகத்தான் என்று சொன்னால் மிகையில்லை.

ஓர் உதாரணம். எல்லோரும் பார்க்கும் வாட்ஸப் குழுவில் மேலதிகாரி "இதை ஏன் இன்னும் முடிக்கவில்லை?" என்று உங்கள் பெயரைப் போட்டுக் கேட்கிறார். படித்து முடிக்க மூன்று விநாடி. வயிற்றில் ஓர் இறுக்கம், முகத்தில் சூடு, மூச்சு மேலேறி நிற்கிறது. இதுவரை நடந்தது நுகர்ச்சி. அடுத்த கணமே மனம் பதில் எழுதத் தொடங்குகிறது. போன வாரம் அவர் செய்த தவறு நினைவுக்கு வருகிறது, மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயம் வருகிறது, இந்த வேலையே வேண்டாம் என்ற முடிவுகூட வருகிறது. இரவு படுத்த பிறகும் அதே வாக்கியம் ஓடுகிறது. வீட்டில் யாரோ சாதாரணமாக ஏதோ கேட்க, அவர்மேல் எரிந்து விழுகிறீர்கள். அந்தச் செய்தி தந்த வலி மூன்று விநாடியோடு போயிருக்கும். அதற்குமேல் நாள் முழுக்க நடந்ததை நாமே நடத்தினோம்.

சல்லத்த சூத்திரத்தில் புத்தர் இதை இரண்டு அம்புகளாகச் சொல்கிறார். உடம்பில் வலி வருவது முதல் அம்பு. அதற்காகப் புலம்பி, நொந்து, கலங்குவது அதே ஆள்மேல் பாயும் இரண்டாவது அம்பு. பயிற்சி உள்ளவருக்கும் முதல் அம்பு வரும், வலிக்கவும் செய்யும். இரண்டாவது பாயாது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது இதன் நேர்மை. வலியே வராது என்று அவர் யாருக்கும் உறுதி தரவில்லை.

அப்படியானால் பயிற்சி உள்ளவர் அந்தச் செய்தியைப் படித்ததும் என்ன செய்கிறார்? வயிற்று இறுக்கத்தை இறுக்கமாகவும், சூட்டைச் சூடாகவும் கவனிக்கிறார். "கோபம் வந்திருக்கிறது" என்று அறிகிறார். கோபத்தை அடக்குவதில்லை, கோபம் வரவில்லை என்று நடிப்பதுமில்லை. உடம்பில் எழுந்த அந்தக் கொந்தளிப்புக்கு யாரும் தீனி போடவில்லை என்றால் அது உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்குவதை அவர் பலமுறை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அதனால் காத்திருக்க முடிகிறது. பிறகு பதில் எழுதுகிறார். அது கறாரான பதிலாகவும் இருக்கலாம். தியானம் செய்பவர் எதையும் பொறுத்துப்போக வேண்டும் என்று ஒரு தவறான எண்ணம் உண்டு. பதில் சொல்வதா வேண்டாமா என்பது நிலைமையைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. அந்த முடிவைக் கோபம் எடுக்காமல் நீங்கள் எடுப்பதற்குத்தான் பயிற்சி.

கசப்பானதைப் பற்றிச் சொன்னேன். இனிப்பானதற்கும் இதே கதைதான். ஒரு பாராட்டு, ஒரு லைக், வாங்கத் தூண்டும் ஒரு விளம்பரம். ஆனால் இன்றைய வாழ்க்கையில் அதிகம் கவனிக்க வேண்டியது மூன்றாவது வகை, இனிப்பும் இல்லாமல் கசப்பும் இல்லாமல் இருக்கும் நுகர்ச்சி. பாலி நூல்கள் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு மனச்சாய்வு ஒளிந்திருப்பதாகச் சொல்கின்றன: இனிமைக்குக் கீழே ஆசை, வலிக்குக் கீழே வெறுப்பு, இரண்டும் அற்றதற்குக் கீழே அறியாமை. லிஃப்ட் வருவதற்குக் காத்திருக்கும் அரை நிமிடத்தைக் கவனியுங்கள். அங்கே துன்பம் எதுவும் இல்லை, இன்பமும் இல்லை. கை தானாகப் போனை எடுக்கிறது. யாராவது கேட்டால் ஏன் எடுத்தோம் என்று சொல்லத் தெரியாது. ஒன்றுமில்லாத அரை நிமிடத்தைக்கூடத் தாங்க முடியாத ஒரு பழக்கம் உடம்பில் ஊறிப்போயிருக்கிறது. முடிவே இல்லாமல் கீழே உருளும் பக்கங்களும், ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வீடியோக்களும், சிவப்பு வட்டத்தில் வரும் எண்களும் சரியாக இந்த இடத்தைக் குறிவைத்துத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. நுகர்ச்சிக்கும் வேட்கைக்கும் நடுவில் இருந்த இடைவெளியை எவ்வளவு குறைக்கிறார்களோ, அவர்களுக்கு அவ்வளவு வருமானம். அந்த இடைவெளியை மீட்டுக்கொள்ள ஒருவருக்குத் தெரிந்திருப்பது இந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லை.

2010-ல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரிடம் அன்றாட வேலைகளுக்கு நடுவே போன் வழியாக, "இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்கள். 46.9 சதவீதத் தருணங்களில் மனம் செய்யும் வேலையில் இல்லை. அப்படி அலைந்த நேரங்களில் அவர்கள் மகிழ்ச்சி குறைவாகவே இருந்தார்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி நம் கையில் இல்லை என்பதை இவ்வளவு நேரடியாகக் காட்டிய ஆய்வு வேறு எதுவும் என் நினைவில் இல்லை.

சரி, என்ன செய்வது? முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். தரையில் முடியாவிட்டால் நாற்காலி போதும். மூக்கு நுனியிலோ வயிறு ஏறி இறங்கும் இடத்திலோ மூச்சைக் கவனியுங்கள். மூச்சை மாற்ற வேண்டாம். ஆனாபானசதி சூத்திரம் பதினாறு படிகள் சொல்கிறது. முதல் இரண்டு படிகள் எவ்வளவு எளிமையானவை என்று பாருங்கள்: நீண்ட மூச்சு என்றால் நீண்டது என்று அறிதல், குறுகியது என்றால் குறுகியது என்று அறிதல். அவ்வளவுதான். மனம் ஓடிப்போகும். ஓடிப்போனது தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்புங்கள். "மனம் ஓடிக்கொண்டே இருக்கிறது, எனக்குத் தியானம் வராது" என்று சொல்லிப் பாதியில் விட்டவர்கள் ஏராளம். ஓடியதை உணரும் அந்தக் கணம்தான் பயிற்சி. நூறு முறை ஓடினால் நூறு முறை அந்தத் தசை வேலை செய்கிறது. மனத்தைக் காலியாக்கச் சொல்லி எந்தச் சூத்திரமும் தொடக்கக்காரரிடம் கேட்கவில்லை.

இதில் மனம் ஓரளவு ஒருமுகப்படுவது சமதம். அப்படி நிலைப்பட்ட மனத்தால் உடம்பு, நுகர்ச்சி, மனநிலை, மனத்தில் எழும் பொருள்கள் என்ற நான்கையும் பார்ப்பது விபாசனா. பர்மிய ஆசிரியர் மகாசி சயாடோ வழியில் வந்தவர்கள், எழுவதை மனத்துக்குள் மெதுவாகப் பெயரிட்டுக் கவனிப்பார்கள்: ஏறுகிறது, இறங்குகிறது, நினைக்கிறேன், வலிக்கிறது. எஸ். என். கோயங்கா வழியில் வந்தவர்கள் தலையிலிருந்து கால்வரை உடம்பின் உணர்ச்சிகளை வரிசையாகக் கவனித்து, இனிமையானதை விரும்பாமலும் வலியை வெறுக்காமலும் இருக்கப் பழகுவார்கள். எது உயர்ந்தது என்ற விவாதம் எனக்குத் தேவையில்லாததாகவே படுகிறது. இரண்டும் நுகர்ச்சி வேட்கையாகும் அதே இடத்துக்குத்தான் கொண்டுபோய் விடுகின்றன. ஒன்றைப் பிடித்துச் சில மாதம் விடாமல் செய்வது முக்கியம். எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். தினமும் இருபது நிமிடம் தவறாமல் உட்காருவது, வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட மேல்.

ஐந்து தடைகள் வரும் என்று மரபு முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறது: புலனின்ப ஆசை, வெறுப்பு, சோம்பலும் தூக்கமும், அலைபாய்தலும் உறுத்தலும், ஐயம். வேலைக்குப் போகிறவர்களை அதிகம் பிடிப்பது தூக்கம். மொக்கல்லானர் போன்ற தலைமைச் சீடரே தியானத்தில் தூங்கி விழுந்திருக்கிறார். புத்தர் அவருக்குச் சொன்ன வழிகளைப் படித்தால் மனது இளகும்: காதைப் பிடித்து இழு, கைகால்களைத் தேய், எழுந்து முகம் கழுவு, நாலு பக்கமும் பார், விண்மீன்களைப் பார், வெளிச்சத்தை மனத்தில் கொண்டுவா, நடந்து பார். எதற்கும் போகவில்லையென்றால் வலப்பக்கமாகப் படுத்துத் தூங்கு, விழித்ததும் எழுந்துவிடு. நாள் முழுக்க உழைத்தவருக்கு உட்கார்ந்ததும் தூக்கம் வந்தால் அது ஒழுக்கக் குறைவு இல்லை. உடம்பு தன் கடனைக் கேட்கிறது. முதலில் தூங்குங்கள், காலையில் உட்காருங்கள்.

இந்தப் பயிற்சி நம் கைக்கு எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலங்கை, பர்மா, தாய்லாந்து போன்ற தேரவாத பௌத்த நாடுகளில் பல நூற்றாண்டுகள் ஆழ்ந்த தியானம் பெரும்பாலும் துறவிகளுக்குரியதாகவே கருதப்பட்டது. இல்லறத்தார் தானம் செய்வார்கள், சீலம் காப்பார்கள். 1885-ல் பிரிட்டன் மாண்டலேயைப் பிடித்து பர்மிய அரசரை நாடு கடத்தியது. பௌத்தத்தைக் காத்துவந்த அரசே இல்லாமல் போனது. புத்தரின் போதனையான தம்மம் இனி யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தபோது, லெடி சயாடோ (1846–1923) எளிய மொழியில் நூல்கள் எழுதி, ஊர் ஊராகப் போய், சாதாரண மக்களுக்கே அபிதம்மம் என்ற பௌத்த மனத்தத்துவமும் தியானமும் கற்றுக்கொடுத்தார். அவரிடம் கற்றவர் சாயா தெட்ஜி, ஒரு விவசாயி. அவரிடம் கற்றவர் ஊ பா கின், விடுதலை பெற்ற பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர். அரசின் கணக்குகளைச் சுமந்துகொண்டே தன் அலுவலக ஊழியர்களுக்குத் தியானம் கற்றுக்கொடுத்தவர். அவரிடம் கற்ற கோயங்கா ஒரு வணிகர்; தீராத ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடிப் போனவர். 1969-ல் அவர் இந்தியாவுக்கு வந்தார். ஒரு விவசாயி, ஒரு கணக்கதிகாரி, ஒரு வணிகர்: மூவருமே குடும்பஸ்தர்கள். "வாழ்க்கை நடத்துகிறவருக்கு இது எதற்கு" என்ற கேள்விக்கு இந்த வரிசையே ஒரு பதில்.

1979-ல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின் இதே கவனப்பயிற்சியை, மதச் சொற்களை எடுத்துவிட்டு, நாள்பட்ட வலி உள்ள நோயாளிகளுக்குச் சில வாரப் பாடமாக்கினார். இன்று 'மைண்ட்ஃபுல்னஸ்' என்ற பெயரில் அலுவலகங்களிலும் செயலிகளிலும் இருப்பது பெரும்பாலும் அதன் கிளைகள். அதிலிருந்து பிறந்த ஒரு சிகிச்சை முறை, மனச்சோர்வு மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தவர்களுக்கு அது மறுபடியும் வராமல் தடுக்க உதவுகிறது என்று தெரிந்து, பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2004-லிருந்து அதைப் பரிந்துரைக்கிறது.

ஆய்வுகளை மிகைப்படுத்தாமல் சொல்வது நல்லது. 2014-ல் 47 பரிசோதனைகளை, மொத்தம் 3,515 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு வந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் தியானத்தால் மிதமான முன்னேற்றம் தெரிந்தது. மருந்து, உடற்பயிற்சி போன்ற மற்ற வழிகளைவிட அது மேல் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2022-ல் பதற்ற நோய் உள்ள 276 பேரிடம் நடந்த பரிசோதனையில், எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் பாடம் எஸ்சிட்டலோப்ராம் மாத்திரைக்குக் குறையாத பலன் தந்தது. அதே ஆண்டு பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், வகுப்பறையில் சொல்லிக்கொடுத்த மைண்ட்ஃபுல்னஸ் வழக்கமான பாடத்தைவிடக் கூடுதல் பலன் எதுவும் தரவில்லை. என் கணிப்பு இது: தானே விரும்பி வந்து தினமும் செய்கிறவருக்கு இது உதவுகிறது, மேலிருந்து திணித்தால் ஒட்டுவதில்லை. இந்த ஆய்வுகள் எல்லாம் நோய் அறிகுறிகளை அளக்கின்றன. ஒருவர் தன் ஆசைக்கு அடிமையாக இருப்பது குறைந்ததா என்பதை எந்த வினாத்தாளாலும் எளிதில் அளந்துவிட முடியாது. பௌத்தம் கேட்பதோ அதைத்தான்.

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கும் நிறுவனம், ஊழியர்களுக்கு மதிய இடைவேளையில் பத்து நிமிட தியான வகுப்பு வைக்கிறது. ஆட்கள் போதவில்லை, கெடு நியாயமில்லை என்ற பிரச்சினை "உங்கள் மனத்தைச் சமாளிக்கத் தெரியவில்லை" என்று ஊழியரின் பக்கம் திருப்பப்படுகிறது. பௌத்தம் இதற்கு உடன்படாது. புத்தர் காட்டிய எண்வழிப் பாதையில் நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி என்ற மூன்றும் தியானத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்குப் பக்கத்திலேயே நல்ல பேச்சும் நல்ல செயலும் நேர்மையான பிழைப்பும் இருக்கின்றன. கூர்மையான கவனம் மட்டும் ஒருவரை நல்லவராக்கிவிடாது. குறி தவறாமல் சுடுகிறவருக்கும் கவனம் உண்டு, ஏமாற்றிப் பணம் பறிக்கிறவருக்கும் உண்டு. பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்து பாருங்கள், மூச்சில் மனம் நிற்காது. சீலம் தியானத்துக்கு முன்னால் வைக்கப்பட்டதற்கு நடைமுறைக் காரணமே இதுதான்.

கடன் தவணையைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அதற்குத் தியானம் விடை இல்லை. புத்தரிடமே தீகஜாணு என்ற குடும்பஸ்தர், "நாங்கள் மனைவி மக்களோடு வாழ்கிறவர்கள், எங்களுக்கு ஏற்றதைச் சொல்லுங்கள்" என்று கேட்டபோது அவர் மூச்சைக் கவனிக்கச் சொல்லித் தொடங்கவில்லை. தொழிலில் திறமையும் முயற்சியும், சம்பாதித்ததைக் காத்தல், நல்லவர்கள் நட்பு, வரவுக்கு மேல் செலவு போகாமல் அளவாக வாழ்தல் என்று நான்கைச் சொன்னார். அதற்குப் பிறகுதான் நம்பிக்கை, ஒழுக்கம், ஈகை, அறிவு. அனாதபிண்டிகர் என்ற வணிகச் சீடருக்கு இல்லறத்தாரின் நான்கு இன்பங்களைச் சொன்னபோது, கடன் இல்லாமல் இருப்பதை அதில் ஒன்றாகவே வைத்தார். தியானம் உதவக்கூடிய இடம் இன்னொன்று: கடனை வாங்க வைத்த அந்த உந்துதலை, அடுத்த முறை அது எழும்போது அடையாளம் காண்பது.

மெத்தா என்ற அன்புத் தியானத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் இதற்கு ஒரு வரிசை தருகிறது. முதலில் தனக்கு நலம் நினைப்பது, பிறகு தனக்கு அன்பானவருக்கு, பிறகு பிடித்தவரும் இல்லாமல் பிடிக்காதவரும் இல்லாமல் நடுவில் இருக்கும் ஒருவருக்கு, கடைசியில் பகைவருக்கு. பலரும் பகைவர்தான் கடினம் என்று நினைப்பார்கள். செய்து பார்த்தால் நடுவில் இருப்பவர்தான் கடினம் என்று தெரியும். தினமும் கதவு திறந்துவிடும் காவலாளி, பார்சல் கொண்டுவந்து தரும் இளைஞர், கடையில் பில் போடும் பெண். முகம்கூட நினைவில் இருக்காது. இனிப்பும் கசப்பும் இல்லாத நுகர்ச்சியை எப்படிக் கவனிக்காமல் விடுகிறோமோ, அப்படியே இந்த மனிதர்களையும் விட்டுவிடுகிறோம். அவரும் நம்மைப் போலவே துன்பம் வேண்டாம் என்று நினைப்பவர் என்பதைச் சில நிமிடம் மனத்தில் நிறுத்திப் பார்ப்பது, ஆயிரக்கணக்கான அந்நியர்களுக்கு நடுவில் வாழும் நகர வாழ்க்கையில் மிகவும் தேவையான பயிற்சி என்று நம்புகிறேன்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. தியானம் எல்லோருக்கும் எப்போதும் பாதுகாப்பானது என்று சொல்வது சரியல்ல. பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஜாரெட் லிண்டால், வில்லோபி பிரிட்டன் ஆகியோர் குழு 2017-ல் வெளியிட்ட ஆய்வு, தியானம் செய்பவர்களிடமும் ஆசிரியர்களிடமும் பேசித் தொகுத்தது. திடீர் பயம், தூக்கமின்மை, தான் யாரென்றே பிடிபடாத நிலை, பழைய அதிர்ச்சிகள் மேலெழுவது எனப் பலவற்றை அது பதிவு செய்தது. கடுமையான மனச்சோர்வு, மனப்பிளவு, இருதுருவ நோய், ஆறாத பழைய அதிர்ச்சி உள்ளவர்கள் பத்து நாள் மௌன முகாமுக்கு நேரே போக வேண்டாம். முதலில் மனநல மருத்துவரிடம் பேசுங்கள். மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் தியானத்தை நம்பி அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். பயிற்சியின்போது பயமோ படபடப்போ கூடிக்கொண்டே போனால் கண்ணைத் திறந்து எழுந்து நடங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள். "அதுவும் ஒரு நிலைதான், தொடர்ந்து உட்கார்" என்பதையே எதற்கும் பதிலாகச் சொல்லும் ஆசிரியரை விட்டு விலகுவது நல்லது.

பலன் வருகிறதா என்று எப்படித் தெரியும்? உட்காரும்போது ஒளி தெரிந்தது, உடம்பு மிதந்தது போன்றவற்றை நான் அளவுகோலாக எடுக்கமாட்டேன். காலாமர் என்ற மக்களிடம் புத்தர் சொன்னதுதான் சரியான சோதனை: மரபு சொல்கிறது, நூல் சொல்கிறது, குரு சொல்கிறார் என்பதற்காக ஏற்காதீர்கள், பேராசையும் வெறுப்பும் மயக்கமும் எழுந்தால் அது கேட்டில் முடிகிறதா என்று நீங்களே பாருங்கள், அவை இல்லாதபோது என்ன ஆகிறது என்றும் பாருங்கள். ஆகவே கேட்க வேண்டியவை சாதாரணக் கேள்விகள். கோபம் வந்தால் முன்பு இரண்டு நாள் இருந்தது இப்போது இரண்டு மணி நேரத்தில் தணிகிறதா? வாங்க வேண்டும் என்று தோன்றியதை நாளை பார்க்கலாம் என்று வைக்க முடிகிறதா? எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை கேட்க முடிகிறதா? உங்களோடு வாழ்கிறவர்களிடம் கேட்டால் இன்னும் சரியான பதில் கிடைக்கும்.

கடைசியாக, பௌத்தராக இல்லாதவர் செய்யலாமா என்பது. தாராளமாகச் செய்யலாம். மூச்சும் நுகர்ச்சியும் கோபமும் எந்த மதத்துக்கும் சொந்தமில்லை. கோயங்கா வழி முகாம்களில் எல்லா மதத்தவரும் உட்காருகிறார்கள், பாதிரியார்களும் கன்னியாஸ்திரிகளும் உட்பட. 1994-ல் தில்லியின் திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே முகாமில் பயிற்சி பெற்றார்கள். யாரும் மதம் மாற வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சி ஆழமாகும்போது, எழுவதெல்லாம் மறைகிறது, இவற்றில் எதையும் "நான்" என்று பிடித்துக்கொள்ள முடியவில்லை என்பது ஓர் அனுபவமாக எதிரே வரும். நிலையான ஆன்மா உண்டு என்று நம்பும் மரபிலிருந்து வருகிறவருக்கு அது நெருடலாக இருக்கலாம். சிலர் அதைத் தங்கள் மரபின் சொற்களாலேயே விளங்கிக்கொள்கிறார்கள், சிலர் அந்தக் கேள்வியைத் திறந்தே வைக்கிறார்கள், சிலர் பௌத்தத்தின் விடையை ஏற்கிறார்கள். அந்த முடிவை அவரவர் அங்கே போனபிறகு எடுத்துக்கொள்ளலாம். நாளைக் காலை இருபது நிமிடம் உட்காருவதற்கு அது முன்கூட்டித் தேவையில்லை.